பதினோரு ஆண்டுகள் வேகாத மரச்சீனி

எங்கள் வீட்டு அடுப்பில் பதினோரு ஆண்டுகள் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, வேகவில்லை. களியக்காவிளைக்குப் பக்கத்தில், இரண்டு வீடு தள்ளினால் மலையாளம் கேட்கிற ஓர் ஊரில், இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு விளங்கவைப்பது கடினம். தஞ்சாவூரில் ஒரு வீட்டில் உலை வைப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அப்படித்தான். வீட்டுக்குப் பின்னால் கிடந்த பத்து சென்ட் நிலத்தில் நின்றிருந்த மூடுகளை அம்மா ஒரே நாளில் ஆள் வைத்துப் பிடுங்கினாள். கிழங்கை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். மறு நடவுக்கென்று எடுத்து வைக்கும் கம்புகளைக்கூட விடாமல் அடுப்புக்குப் போட்டாள். கேட்டவர்களிடம் "அவருக்கு வாயு" என்று அப்பாவைக் காட்டினாள். அப்பாவுக்கு அப்படி ஒரு வாயுவும் கிடையாது.

உண்மைக் காரணம் என் அண்ணனின் கணையம். 2004-ஆம் ஆண்டு அவனுக்கு 26 வயதாக இருந்தபோதுதான் அப்படி ஓர் உறுப்பு உடம்பில் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. இதயம், ஈரல், குண்டிக்காய் எல்லாம் எங்கள் பேச்சில் உண்டு. ஆட்டிறைச்சி வாங்குகிறவர்களுக்குத் தெரியாத உறுப்பா? ஆனால் கணையம் எந்த இறைச்சிக் கடையிலும் பெயர் சொல்லி விற்கப்படுவதில்லை. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, ஒரு சாண் நீளத்துக்குச் சத்தமில்லாமல் படுத்துக் கிடக்கும் பொருள் அது.

பள்ளிக்கூட வயிற்றுவலி

அண்ணனுக்கு வலி தொடங்கியது பதினோரு வயதில். மாதத்துக்கு ஒரு முறை, சில மாதங்களில் இரண்டு முறை வரும். மேல் வயிற்றில் பிடிக்கும், முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும் என்பான். பெரும்பாலும் திங்கள்கிழமை காலைகளில் வந்ததால் அதற்குப் பள்ளிக்கூட வயிற்றுவலி என்று பெயர் வைத்தோம். (ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எங்கள் வீட்டில் எண்ணெயும் தேங்காயும் தாராளமாகப் புழங்கும் என்பது எனக்கு உறைக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயிற்று.) ஓம நீர், வெந்தயம், கடுக்காய், பூச்சி மருந்து என்று எல்லாம் நடந்தன. ஓதி ஊதவும் அழைத்துப் போனார்கள். இரண்டொரு நாளில் வலி தானாகவே விட்டுவிடும் என்பதால் கடைசியாகக் கொடுத்த மருந்துக்குப் பெயர் கிடைத்தது.

அவன் உட்காரும் விதம் மட்டும் என் கண்ணில் நிற்கிறது. படுக்கமாட்டான். திண்ணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பிறகு இரண்டு முழங்கால்களையும் மார்போடு கட்டிக்கொண்டு, நெற்றி முட்டியில் படும்வரை முன்னால் குனிந்துவிடுவான். அந்த நிலையில் மணிக்கணக்கில் இருப்பான். வயிற்றுவலிக்காரன் சுருண்டு படுப்பதுதான் வழக்கம். இவன் ஏன் உட்கார்ந்தே இருக்கிறான் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. மல்லாந்தால் கணையம் முதுகெலும்பின் மேல் அழுந்தும், குனிந்தால் அழுத்தம் விலகும் என்று இப்போது தெரிகிறது. அன்று அதைப் பிடிவாதம் என்றோம். அம்மா மட்டும் அந்த உட்காரலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதற்கு நான் என்ன பொருள் கொண்டேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இருபது வயதுக்கு மேல் வலி குறைந்தது. அதை நல்ல செய்தி என்று நினைத்தோம். கணையத்தின் பெரும்பகுதி நார் நாராக இறுகி, வலிக்கவும் சக்தியற்றுப் போகும்போதும் வலி குறையுமாம். அவன் டெம்போ ஓட்டத் தொடங்கியிருந்தான். நன்றாகச் சாப்பிட்டான், ஆனால் சட்டை தோளில் தொங்கியது. மலம் எண்ணெய்போல் மிதக்கிறது, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போவதில்லை என்று என்னிடம் மட்டும் ஒருமுறை கூச்சத்தோடு சொன்னான். நான் சிரித்தேன். கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் வற்றிவிட்டதன் அடையாளத்தைக் கேட்டுச் சிரித்தவன் என்ற வகையில் இந்தக் கட்டுரையில் பிறரைக் குறை சொல்லும் உரிமை எனக்குக் கொஞ்சம் குறைவுதான்.

"குடிப்பாரா?"

மறுபடியும் வலி வந்து, இந்த முறை வாந்தியோடு மயங்கி விழுந்தபோது பக்கத்து ஊரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். வயிற்றுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். விளக்குப் பலகையில் படத்தைச் செருகியபோது, முதுகெலும்புக்குக் குறுக்கே, பாசிமாலை அறுந்து விழுந்ததுபோல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். சில புள்ளிகள் உளுந்து அளவு, ஒன்று புளியங்கொட்டை அளவு. எல்லாம் சுண்ணாம்புக் கற்கள், கால்சியம் கார்பனேட். கணையத்தின் நடுக்குழாய்க்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இரத்தத்தில் சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது.

மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். "குடிப்பாரா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். "பீடி சிகரெட்?" இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, வேறு ஏதோ எழுதிக்கொண்டே, "வாரத்துக்கு எத்தனை நாள் குடிப்பார்?" என்றார். மாலையில் வந்த இளம் மருத்துவர் அம்மாவை வெளியே அழைத்துத் தனியாகக் கேட்டார். செவிலியர் ஒருவர் அண்ணனிடமே "உண்மையைச் சொன்னால்தான் மருந்து வேலை செய்யும்" என்றார். டெம்போ ஓட்டுகிறவன், 26 வயது, மணமாகாதவன், குமரி மாவட்டம். இந்த நான்கையும் கூட்டினால் என்ன விடை வரும் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

கேள்வியில் தவறில்லை என்பதை நான் பிற்பாடு ஒத்துக்கொண்டேன். திடீரென்று கணையம் வீங்குவதற்கு உலகெங்கும் முதல் இரண்டு காரணங்கள் மதுவும் பித்தப்பைக் கல்லும்தான். பித்தக்குழாயும் கணையக்குழாயும் சிறுகுடலில் ஒரே வாசல் வழியாகத் திறக்கின்றன. பித்தப்பையிலிருந்து உருண்டுவரும் ஒரு சின்னக் கல் அந்த வாசலில் சிக்கினால் கணைய நீரும் தேங்கும், கணையம் தன்னையே செரிக்கத் தொடங்கிவிடும். அண்ணனின் பித்தப்பை ஸ்கேனில் சுத்தமாக இருந்தது. ஒரு காரணத்தை ஸ்கேன் தள்ளிவிட்டதால் மிச்சம் இருந்த காரணத்தின்மேல் கை வைத்தார்கள். எனக்கு உறுத்துவது அவர்கள் கேட்டது அல்ல, பதிலை ஏற்றுக்கொள்ளாதது.

அந்த ஆண்டு ஆவணியில் அவனுக்கு ஒரு சம்பந்தம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. பெண்ணின் தாய்மாமனுக்கு மருந்துக்கடை. மருத்துவமனை கொடுத்த தாளை யார் வழியாகவோ பார்த்துவிட்டார். அதில் நாள்பட்ட கணைய அழற்சி என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது அவருக்கு. "பையன் தங்கம்தான், ஆனால் ஒளிந்து குடிக்கிறவன் வெளியே குடிக்கிறவனைவிட மோசம்" என்று சொல்லி அனுப்பினார். அண்ணன் அதன்பிறகு பெண் பார்க்க ஒத்துக்கொள்ளவில்லை.

இதில் என் பங்கு ஒன்று இருக்கிறது. பின்னர் திருவனந்தபுரத்தில் சேர்த்தபோது பக்கத்துக் கட்டிலில் நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெயிண்டர் படுத்திருந்தார். அவருக்கும் கணையம்தான், அவருக்குக் காரணம் சாராயம்தான், அவரே மறைக்கவில்லை. வருகிற மருத்துவர், மாணவர், தூய்மைப் பணியாளர் என எல்லோரிடமும் நான் குரலை உயர்த்தி "என் அண்ணன் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாள்தான் கவனித்தேன்: நான் அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிரவு அண்ணனுக்கு வலி முற்றியபோது, ஊசி போட ஆள் வருமுன், அவர் எழுந்து வந்து தன் தலையணையை இரண்டாக மடித்து அண்ணனின் வயிற்றுக்கும் தொடைக்கும் நடுவில் வைத்து, "இதைக் கட்டிப் பிடி, குனி, மூச்சை மெதுவாக விடு" என்று மலையாளத்தில் சொன்னார். அந்தத் தலையணை விடியும்வரை எங்களிடம்தான் இருந்தது. வலிக்கு ஒழுக்கம் பார்க்கத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

கிழக்கு வீட்டு மாமியின் டப்பா

அண்ணன் வீடு திரும்பியதும் பார்க்க வந்தவர்களில் முதலாவது ஆள் கிழக்கு வீட்டு மாமி. கையில் ஒரு மாத்திரை டப்பா. அதற்கு முந்தைய ஆண்டு அவளுக்குப் பித்தப்பையை எடுத்திருந்தார்கள். வயிற்றில் நான்கு துளை, மூன்றாம் நாள் வீடு, பத்தாம் நாள் அண்டி ஆபீசில் முந்திரி உடைக்கப் போய்விட்டாள். எடுத்த கற்களை மருத்துவமனையில் கேட்டு வாங்கி வந்திருந்தாள். டப்பாவைத் திறந்து அம்மாவின் உள்ளங்கையில் கொட்டினாள். 23 கற்கள், கரும்பச்சையும் பழுப்புமாக. நெருக்கத்தில் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் தட்டையான முகங்கள் இருந்தன. இடமில்லாத பையில் ஒன்றையொன்று அழுத்தி அழுத்தி அப்படி ஆகியிருக்க வேண்டும். பேருந்தில் கூட்டத்தோடு நின்று பழகிய உடம்புகள் மாதிரி.

"பையையே அறுத்து எறிந்துவிட்டார்கள், எனக்கு என்ன குறைந்துபோயிற்று? இவனுக்கும் எடுத்துவிடச் சொல்" என்றாள் மாமி. கல் என்றால் எல்லாம் ஒரே கல் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அதனால் சிறுநீரகக் கல்லுக்கான வாழைத்தண்டுச் சாறும் அண்ணனுக்கு வந்தது. எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் கலந்து குடித்தால் கல் பச்சையாக வெளியே வந்து விழும் என்ற யோசனையும் வந்தது. அப்படி விழுபவை எண்ணெயும் செரிமான நீரும் சேர்ந்து வயிற்றிலேயே உறையும் சவர்க்கார உருண்டைகள். குடித்தவருக்கு மட்டும் அவை கற்களாகத் தெரியும்.

பித்தப்பை ஒரு சேமிப்புத் தொட்டி. அதை எடுத்தாலும் ஈரல் பித்தத்தைச் சுரந்துகொண்டேதான் இருக்கும், நேராகக் குடலுக்குப் போகும். கணையம் தொட்டியல்ல, ஊற்று. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் செரிமான நீர் அதிலிருந்து வருகிறது, இன்சுலினும் அதிலிருந்துதான். அதை வாரி எறிந்துவிட்டு முந்திரி உடைக்கப் போக முடியாது. மாமிக்கு இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா கற்களை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசிக் கல்லைப் போட்டு மூடியைத் திருகிவிட்டு, "இவளுக்கு எதனால் வந்தது என்று யாராவது கேட்டார்களா?" என்றாள். யாரும் கேட்டிருக்கவில்லை.

மருத்துவரின் அறையில்

திருவனந்தபுரத்து மருத்துவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். நாங்கள் தமிழில் பேசினோம், அவர் மலையாளத்தில் பேசினார், இடையில் யாரும் மொழிபெயர்க்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது தேவையில்லை. அவர்தான் முதன்முதலாகக் குடியைப் பற்றிக் கேட்காமல் "சிறு வயதில் வலி இருந்ததா?" என்று கேட்டவர். பதினோரு வயதிலிருந்து என்றதும் பேனாவை வைத்துவிட்டார். இது மதுவால் வருவதல்ல, வெப்பமண்டலக் கணைய நோய், கேரளத்தில் நிறையப் பார்த்திருக்கிறோம் என்றார். தன் மாணவப் பருவத்தில் கீவர்கீஸ் என்ற மருத்துவரின் ஆய்வுகளைப் படித்ததைச் சொன்னார். 1959-இல் இந்தோனேசியாவிலிருந்து சுய்டெமா என்பவர் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினாராம். அதற்கடுத்த ஆண்டுகளில் கேரளத்தில் கீவர்கீஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்துப் பதிவு செய்தார். சிறு வயதில் வயிற்றுவலி, விடலைப் பருவத்தில் சர்க்கரை, வாழ வேண்டிய வயதில் சாவு என்பதுதான் அன்று அந்த நோயின் நடை.

பிறகு அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள். "சாப்பாட்டில் நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா, டாக்டர்?"

அவர் சிரித்தார், கனிவாகத்தான். "வீட்டில் மரச்சீனி அதிகமோ?"

எங்கள் பேச்சில் இருக்கும் சொல் திருவனந்தபுரத்திலும் அப்படியே இருப்பதால் அது நேராக அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. மருத்துவர் விளக்கத் தொடங்கினார். மரச்சீனியில் லினமரின் என்ற ஒன்று இருக்கிறது, அது உடைந்தால் சயனைடு வரும். உடம்பு அந்த நஞ்சை முறிக்கக் கந்தகம் வேண்டும், அது மீன், முட்டை, பருப்பு போன்றவற்றின் புரதத்தில் இருந்து வர வேண்டும். புரதம் இல்லாமல் மரச்சீனியை மட்டுமே தின்று வளரும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கணையம் கெடுகிறது என்று ஒரு காலத்தில் கருதினார்கள். பாடத்தில் அப்படித்தான் படித்தோம். ஆனால் இன்று அது நிச்சயமில்லை. இவ்வளவையும் அவர் சொன்னார். "நிச்சயமில்லை" என்பதை இரண்டு முறை சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அம்மா அதைக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது, பாறசாலை தாண்டியதும், பஸ் ஜன்னலைப் பார்த்தபடியே கணக்குப் போடத் தொடங்கினாள். அப்பாவுக்குப் பால்வெட்டு. மழைக் காலத்தில் ரப்பர் வெட்ட முடியாது, கூலி இல்லை. மீன்காரி வாசலில் கூவிவிட்டுப் போவாள், கூப்பிடுவதில்லை. மரச்சீனியும் உப்பும் காந்தாரி மிளகும் அரைத்ததும்தான். 1985-ஆம் ஆண்டு மழையில் எத்தனை நாள், அதற்கடுத்த ஆண்டு எத்தனை நாள். "ஒரு சாளை கிடைத்திருந்தால் போதும் மக்களே" என்றாள். கிலோ இரண்டு மூன்று ரூபாய்க்குக் கூறு கட்டி விற்ற மீன். களியக்காவிளையில் இறங்குமுன் அவள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டாள். மறுநாள் காலை மூடுகளைப் பிடுங்க ஆள் வந்தது.

கிழங்கின் பக்கம் நின்று

எனக்கு மார்த்தாண்டத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை. ஒரு வாக்கியத்தில் எங்கே தவறு என்று தேடுவதுதான் பிழைப்பு. 2007-இல் அண்ணனுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. முருங்கைக்காயைக் கீறுவதுபோல் கணையக் குழாயை நீளவாக்கில் திறந்து, கற்களை எடுத்து, சிறுகுடலின் ஒரு வளைவை அதன்மேல் வைத்துத் தைத்தார்கள். வலி பெருமளவு நின்றது. போன இன்சுலின் போனதுதான். காலையும் இரவும் ஊசி. இந்த வகைச் சர்க்கரையில் ஒரு விநோதம் உண்டு: அளவு எவ்வளவு ஏறினாலும், இன்சுலின் இல்லாமல் இரத்தம் அமிலமாகி வரும் கீட்டோன் மயக்கம் எளிதில் வருவதில்லை. அவன் டெம்போவை விற்றுவிட்டு ஒரு பாத்திரக் கடையில் கணக்கெழுதப் போனான். அவன் பிழைத்துக்கொண்டான் என்று உறுதியான பிறகுதான் அம்மாவின் தீர்ப்பை எனக்கு மெய்ப்புப் பார்க்கத் தோன்றியது.

மரச்சீனிக்கு எங்கள் மண்ணில் நன்றிக்கடன் நிறைய. பிரேசில் கிழங்கு, போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசிக் கப்பல் நின்றபோது திருவிதாங்கூரை உயிரோடு வைத்திருந்தது இந்தக் கிழங்கு. 1956 நவம்பர் 1 வரை நாங்களும் திருவிதாங்கூர்தானே. என் பாட்டா அரிசியைவிட மரச்சீனியைத்தான் அதிகம் தின்று 84 வயதுவரை பனை ஏறினார் என்பதை அம்மாவிடம் சொன்னேன். "அவர் கள்ளையும் சேர்த்துக் குடித்தார்" என்று முடித்துவிட்டாள்.

படிக்கப் படிக்கக் கிழங்கின் மேலிருந்த வழக்கு தளர்ந்தது. மரச்சீனியே தின்னாத வடநாட்டிலும் இதே நோய் இருந்தது. மரச்சீனியைத் தலைமுறை தலைமுறையாகத் தின்ற வீடுகளில் பெரும்பாலோருக்கு வரவில்லை. 2000-இல் சென்னை ஆய்வாளர்கள் எலிகளுக்கு நீண்ட காலம் மரவள்ளியே கொடுத்துப் பார்த்ததில் கணைய அழற்சியும் வரவில்லை, நீரிழிவும் வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 1985-இல் இதை ஊட்டக்குறைவால் வரும் நீரிழிவு என்ற தலைப்பின்கீழ் வைத்திருந்தது. 1999-இல் அந்தத் தலைப்பையே எடுத்துவிட்டு, கணைய நோய்களால் வரும் நீரிழிவோடு சேர்த்துவிட்டது. மெலிவால் நோய் வந்ததா, நோயால் செரிக்காமல் மெலிவு வந்ததா என்ற கேள்வியில் முதலும் பின்னும் இடம் மாறியிருந்தன.

அம்மாவிடம் இதைச் சொல்லத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் கடைசித் தாளை ஒழுங்காகப் படித்தேன். 2002-இல் ஹைதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வைப் பற்றியது அது. கணையத்தில் சுரக்கும், புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் குடலுக்குப் போய்த்தான் விழித்துக்கொள்ள வேண்டும். வழியிலேயே விழித்துக்கொண்டால் அதைப் பிடித்துக் கட்ட ஒரு காவல் புரதம் இருக்கிறது, பெயர் ஸ்பிங்க்1. இந்த நோயாளிகளில் பலருக்கு அந்தப் புரதத்தின் மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தது. 34-ஆம் இடத்தில் இருக்க வேண்டிய அமினோ அமிலத்துக்குப் பதிலாக வேறொன்று. என் தொழில் மொழியில் சொன்னால் ஓர் எழுத்துப் பிழை. பிழை இருக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நலமாக வாழ்ந்து முடிப்பவர்களிலும் சிலரிடம் இது இருக்கிறது. வேறு ஏதோ ஒன்றும் கூடவே சேர வேண்டும். ஆனால் பிழை வரும் வழி ஒன்றுதான்: தாயிடமிருந்து அல்லது தகப்பனிடமிருந்து.

தாள்களை மடித்து வைத்துவிட்டேன். கிழங்கை விடுவித்தால் அந்த இடத்தில் அடுத்து யாரைக் கொண்டுபோய் நிறுத்துவது? நீ சமைத்துப் போட்டதில் தவறில்லை, நீ பெற்றதில்தான் இருக்கிறது என்று ஒரு தாயிடம் எந்த வாக்கிய அமைப்பில் சொல்வது? மரச்சீனியைப் பிடுங்கி எறியலாம். இரத்தத்தை என்ன செய்வாள்? மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று கேட்டதற்கு மருத்துவர், செய்யலாம், ஆனால் சிகிச்சை எதுவும் மாறப்போவதில்லை என்றார். நான் செய்யச் சொல்லவில்லை. அண்ணனைக் கேட்காமலேயே எடுத்த முடிவு அது. எனக்கு அப்போது கைக்குழந்தையாக ஒரு மகள் இருந்தாள் என்பதும் அந்த முடிவில் ஒளிந்திருந்தது. இன்றும் அவள் வயிற்றுவலி என்றால் நான் முதலில் பார்ப்பது அவள் உட்கார்ந்திருக்கிறாளா, படுத்திருக்கிறாளா என்பதைத்தான். படுத்திருந்தால் எனக்கு மூச்சு வருகிறது.

1977

அப்பா 2014-இல் இறந்தார். ஆண்டு நினைவு முடிந்து உறவினர்கள் போன மாலையில், அம்மா தானாகவே பேசினாள். அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பது எங்களுக்குத் தெரியும். சூலை வந்து போய்விட்டாள் என்று பாட்டி சொல்வாள், அதோடு நிறுத்திக்கொள்வாள். திருநாவுக்கரசருக்கு வந்ததாகச் சொல்லும் அதே சூலை. பழைய காலத்தில் வயிற்றில் எது குத்தினாலும் அந்தப் பெயர்தான். அந்த அத்தையின் பெயரில் ஒரு புகைப்படம்கூட இல்லை.

அவள் இறந்தது 1977-இல், 23 வயதில். அம்மா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. "நான்தான் அவள் துணி துவைத்தேன்" என்றாள் அம்மா. "எண்ணெய்க் கறை போகாது. அவள் ஒதுங்கிப் போகும் தென்னை மூட்டில் எறும்பு அப்பிக் கிடக்கும். எலும்பும் தோலுமாக இருப்பாள், ஆனால் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவாள். வலி வந்தால் படுக்கமாட்டாள். அந்தத் திண்ணையில், முட்டியைக் கட்டிக்கொண்டு, குனிந்து." கையால் திண்ணையைக் காட்டினாள். "உன் அண்ணன் முதன்முதலாக அப்படி உட்கார்ந்த அன்றைக்கே எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அலுப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தேன் நான். பதினொரு வயதுப் பையனின் பொய் வயிற்றுவலியில் சலித்துப்போன தாய் என்று.

"இது அப்பா குடும்பத்து வழி என்று உனக்குத் தெரிந்தே இருந்ததா?" என்று கேட்டேன்.

"தெரியாமல் என்ன?"

"பிறகு ஏன் மரச்சீனி மேல் போட்டாய்?"

"உன் அப்பா தங்கச்சியைத் தூக்கி வளர்த்தவர் மக்களே. அவளைக் கொண்டுபோனது என் பிள்ளைக்குள்ளும் உன் வழியாகத்தான் வந்தது என்று அவரிடம் நான் சொல்ல முடியுமா? டாக்டர் மரச்சீனி என்றார். நானும் ஆமாம் என்றேன். மரச்சீனி என்ன, திருப்பிப் பேசவா போகிறது?"

நான் ஒளித்து வைத்திருந்த தாள்களைப் பற்றி அவளிடம் அன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

அடுத்த வாரம் அண்ணன் மார்த்தாண்டம் சந்தையிலிருந்து வரும்போது இரண்டு கிலோ மரச்சீனி வாங்கி வந்தான். யாரும் சொல்லி அல்ல. விலை குறைவாக இருந்தது என்றான். அம்மா ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு பழுப்புத் தோலைச் சுரண்டி, உள்ளே இருக்கும் இளஞ்சிவப்புப் பட்டையைக் கத்தி முனையால் நெம்பி வளையம் வளையமாக உரித்தாள். பதினோரு ஆண்டுகளில் கை எதையும் மறந்திருக்கவில்லை. துண்டு போட்டு, கொதிக்க வைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டினாள். மறுபடி தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, அதையும் கொட்டினாள். இரண்டு தண்ணீர்தான் எங்கள் வீட்டு வழக்கம். அவள் மூன்றாவது தண்ணீர் ஊற்றினாள்.

"கிழங்கில் ருசியே இருக்காது" என்றான் அண்ணன்.

"சாளை இருக்கிறது, தொட்டுக்கொள்" என்றாள்.

தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவன் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தான். கணைய நொதி மாத்திரை, பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. சாப்பாட்டுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, நடுவில்தான் விழுங்க வேண்டும். நான்கு வாய் தின்றுவிட்டு ஒன்றை விழுங்கினான். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை நீட்டினான்.